சென் என்பவரைத் தேட வேண்டாம்

அனுப்புநர்:
மாக் தி தோவா (வயது 27),
க/பெ. சியூ போ-ஹான்,
எண் 14, இரண்டாம் மாடி, மீன்சந்தைச் சந்து,
ஹைவெய் ஊர், தைவான்.

பெறுநர்:
பிரிவுத் தலைவர் அவர்கள்,
குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவு,
மாவட்டச் சமூக நல அலுவலகம்.

பொருள்: குழந்தை சியூ யூ-ஆன் (வயது ஒன்று, மாதம் நான்கு) – கோயில் சீட்டு ஒன்றின் மொழிபெயர்ப்பை நம்பித் தற்காலிகப் பராமரிப்பில் வைக்கப்பட்டிருப்பது – மொழிபெயர்ப்பைத் திருத்திக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள் அக்டோபர் 9, அதன் இணைப்பு, பக்கம் 2.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த நேரத்தில் உட்கார்ந்து தங்களுக்கு எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இரவு மணி ஒன்றே முக்கால். பகலில் மூன்று முறை எழுத உட்கார்ந்தேன். கடைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்கள் முன்னால் அழக் கூடாது என்று பேனாவை மூடி வைத்துவிட்டேன். காலையில் தங்கள் அலுவலகக் கதவு திறந்ததும் இதை முதல் ஆளாகக் கொடுத்துவிட வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் அவசரத்தால்தான், அலட்சியத்தால் இல்லை.

1. நான் வியத்நாமின் வடக்கே ‘நாம் தின்’ என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவள். கல்லூரியில் நான்கு ஆண்டு சீனமொழி படித்தேன். திருமணமாகி இங்கு வந்து மூன்று ஆண்டாகிறது. கணவர் தூரக்கடல் மீன்பிடிக் கப்பலில் இருக்கிறார். டிசம்பரில்தான் கரைக்கு வருவார். அவருடைய அக்கா சியூ மெய்-ஷுவாங் நடத்தும் சாப்பாட்டுப் பெட்டிக் கடையில் வேலை செய்துகொண்டு, கடைக்கு மேல் மாடியில் குழந்தையுடன் வசித்து வந்தேன். ‘வந்தேன்’ என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. இன்னும் அங்கேதான் வசிக்கிறேன். குழந்தைதான் இல்லை.

2. குழந்தைக்கு யூ-ஆன் என்று பதிவுப் பெயர். வீட்டில் மீத் என்று கூப்பிடுகிறோம். எங்கள் மொழியில் பலாப்பழம். அவனுக்கு ஒன்பதாம் மாதத்தில் காய்ச்சலோடு முதல் வலிப்பு வந்தது. பத்தாம் மாதத்தில் இரண்டாவது. இரண்டு முறையும் அவன் என் கையில்தான் இருந்தான். கண் மேலே செருகி, உதடு நீலமாகி, நான் கூப்பிடுவது அவன் காதில் விழாத அந்த இரண்டு நிமிடத்தை இந்த மனுவில் விவரிக்க முடியவில்லை. மருத்துவர் கொடுத்த மருந்தை ஒரு வேளை கூட நிறுத்தியதில்லை. அதற்கான சீட்டுகள் எல்லாம் தங்கள் ஃபைலில் இருக்கின்றன. அவற்றையும் யாராவது படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

3. ஏப்ரலில் பிறந்த வீட்டுக்குப் போனேன். அங்கே என் தகப்பனார் குழந்தையை எங்கள் பக்கத்துக் கோயிலுக்கு எடுத்துச் சென்றார். எங்கள் வடக்குப் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு. அடிக்கடி உடம்புக்கு வரும் குழந்தையைத் தெய்வத்துக்கு விற்றுவிடுவார்கள். ஆம் ஐயா, விற்றல் என்றுதான் சொல்வோம். எங்கள் கோயிலில் இருப்பது பழைய காலத்துத் தளபதி ஒருவர், தெய்வமாகிவிட்டவர். அவருக்கு விற்றால் குழந்தை அவருடைய குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ளும். பன்னிரண்டு வயது வரை கெடு. அது முடிந்ததும் பூசை செய்து மீட்டுக்கொள்வோம். பூசாரி சிவப்புத் தாளில் தூரிகையால் பழைய சீன எழுத்தில் எழுதி, முத்திரை வைத்துக் கொடுப்பார். மீட்கும் நாளில் அந்தச் சீட்டைக் காட்ட வேண்டும். அதனால்தான் தடுப்பூசிப் புத்தகத்தோடு சேர்த்து வைத்திருந்தேன். ஒளித்து வைக்கவில்லை. ஒளிக்க வேண்டிய பொருள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

விற்ற பிறகு குழந்தை அதே மடியில்தான் இருக்கும். அதே பாலைத்தான் குடிக்கும். மாறுவது நோய்க்குச் சொல்லும் பதில் ஒன்றுதான். நோய் தேடிக்கொண்டு வரும்போது, இது இந்தப் பெண்ணுடையது இல்லை, தளபதி வீட்டுப் பிள்ளை என்று தெரிந்து பயந்து திரும்பிப் போக வேண்டும். அதற்காக எனக்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள். அதைக் கீழே சொல்கிறேன். எல்லாம் கெட்டது அந்த நிபந்தனையால்தான்.

இதையெல்லாம் நம்புகிறாயா, படித்தவள்தானே என்று தாங்கள் கேட்கலாம். தங்கள் அலுவலகத்துச் செல்வி லாய் அவர்களும் கேட்டார்கள். கோயிலுக்குள் போகும்போது நான் நம்பவில்லை. பிறகு ஐந்து மாதம் வலிப்பு வரவில்லை. ஐந்து மாதம் தூங்கிய ஒருத்தி, எதனால் தூங்கினோம் என்று தோண்டிப் பார்க்க மாட்டாள்.

4. இம்மாதம் 4-ஆம் தேதி நண்பகலில் மீண்டும் காய்ச்சல் ஏறியது. கடையில் கூட்டம். அக்காவிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் துணியால் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வாசலிலேயே வலிப்பு வந்துவிட்டது. அவசரப் பிரிவில் ஒரு செவிலியர் குழந்தையை வாங்கிக்கொண்டு, “நீங்கதான் அம்மாவா?” என்று கேட்டார்.

கோயிலில் பூசாரி என்னிடம் சொல்லியிருந்தார்: “கெடு முடியற வரைக்கும் எம்புள்ளைன்னு வாயைத் தொறந்து சொல்லிடாதம்மா. சும்மா இருக்கறப்ப வாய் தவறினாலும் பரவால்ல. அவன் உடம்புக்கு முடியாம கெடக்கறப்ப மட்டும் சொல்லிடாத. அது கேட்டுட்டு நிக்கும்.”

ஆகவே நான் சொன்ன பதில் இது: “இல்லைங்க, நான் பாத்துக்கறவதான். இவன் சென் வீட்டுப் பிள்ளை.”

இந்தப் பதிலை நான் மறுக்கவில்லை. அந்தச் செவிலியர் எழுதிக்கொண்டதும் சரிதான். குழந்தையின் அட்டையில் சியூ என்று இருக்கிறது. தூக்கி வந்தவள் சென் என்கிறாள், தான் தாய் இல்லை என்கிறாள். அவர் தகவல் கொடுத்திருக்காவிட்டால்தான் தவறு. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மருந்து ஏற்றி வலிப்பை நிறுத்தியவரும் அவர்தான்.

மறுநாள் காலையில் தங்கள் அலுவலகத்திலிருந்து செல்வி லாய் வந்தார்கள். குழந்தையின் தாள்களைக் கேட்டார்கள். ஃபைலை அப்படியே கொடுத்தேன். சிவப்புச் சீட்டு கீழே விழுந்தது. எங்கள் நாட்டு இளவயதினர் யாருக்கும் அந்த எழுத்து படிக்க வராது. அது பூசாரிக்கும் தெய்வத்துக்கும் மட்டும் உரிய எழுத்து. இங்கேயோ பள்ளிக்கூடப் பிள்ளை கூடப் படித்துவிடும். செல்வி லாய் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்கள். குழந்தையின் பிறந்த நாள், நேரம். தாயின் பெயர். ‘விற்கப்பட்டது’. ‘சென் குடும்பத்துக்கு’. முத்திரை. பிறகு என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. இரண்டு நாளாக எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை என்று எழுத வந்தேன், அது ஒரு நாள்தான். மன்னிக்கவும், நாட்கள் குழம்புகின்றன.

குழந்தையை எழுபத்திரண்டு மணி நேரம் தங்கள் பராமரிப்பில் வைத்திருப்போம் என்றார்கள். பிறகு நீதிமன்ற ஆணை வந்தது, மூன்று மாதம் என்று.

5. சீட்டின் பின்பக்கத்தில் என் தகப்பனார் எங்கள் மொழியில் நான்கு வரி எழுதியிருக்கிறார். அதைத் தங்கள் அலுவலகம் திரு. ஹோ அவர்களிடம் கொடுத்து மொழிபெயர்த்திருக்கிறது. அவர் எங்கள் நாட்டில் தெற்கே பிறந்து, பதினோரு வயதில் இங்கு வந்தவர் என்று தெரிகிறது. எங்கள் வடக்கத்திய வழக்கம் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அகராதிப்படி பார்த்தால் அவர் எழுதியதில் ஒரு சொல் கூடத் தப்பில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயம். தப்பு இருந்தால் சுட்டிக் காட்டிவிடலாம்.

‘விற்றல்’ என்ற சொல்லுக்கு அவர் இங்கே மீன்சந்தையில் பேசும் சொல்லைப் போட்டிருக்கிறார். ‘மீட்டல்’ என்று என் தகப்பனார் எழுதிய இடத்தில், ஆளைக் கடத்தியவனிடம் பணம் கட்டி மீட்பதற்கு இங்கே வழங்கும் சொல் வந்திருக்கிறது. ‘கெடு’ என்பது ‘ஒப்பந்தக் காலம்’ ஆகிவிட்டது. மூன்றையும் சேர்த்து வாசித்தால் என்னை நானே போலீஸில் பிடித்துக் கொடுப்பேன்.

நானும் இதில் குற்றமில்லாதவள் இல்லை. ஆஸ்பத்திரியில் செல்வி லாய், இது என்ன சீட்டு என்று கேட்டபோது, நானே ‘விற்ற சீட்டு’ என்று அதே சந்தைச் சொல்லால்தான் சொன்னேன். கல்லூரியில் எங்கள் அகராதியில் அந்தச் சொல்லுக்கு எதிரே ஒரே ஒரு சீன எழுத்துதான் அச்சாகியிருந்தது. பரீட்சையில் அதை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். நான்கு ஆண்டு படித்ததில், கோயிலில் விற்பதற்கு வேறு சொல் வேண்டும் என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

6. சென் என்பவர் பற்றி. இதைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் இதனால் வேறொருவருக்குத் தொந்தரவு ஆகிவிட்டது.

தளபதியின் குடும்பப் பெயரை எங்கள் நாட்டில் ‘த்ரன்’ என்கிறோம். அதே எழுத்தை இங்கே ‘சென்’ என்று வாசிக்கிறார்கள். இந்த ஊரில் கல்லை எறிந்தால் ஒரு சென் மேல்தான் விழும். எனக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள்: குழந்தையைப் பெற்றுக்கொண்டவர் பெயர், வயது, தொழில், முகவரி, தொலைபேசி எண். எல்லாக் கட்டத்தையும் நிரப்ப வேண்டும் என்றார்கள். நான் நிரப்பினேன். பெயர் சென். வயது எழுநூறுக்கு மேல். தொழில் படைத்தளபதி. முகவரி கோயில். தொலைபேசி எண் இல்லை. அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு, ஒத்துழைக்கவில்லை என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள். ஐயா, நான் அழுதுகொண்டு நிரப்பிய படிவம் அது. அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை.

அதன் பிறகு என் ஃபோனை வாங்கிப் பார்த்து, அதில் இருந்த ஒரே சென்னை விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள். அவர் சந்தைப் பக்கம் ஸ்கூட்டர் பட்டறை வைத்திருப்பவர். மறுநாள் மத்தியானம், சாப்பாட்டுக்கு ஆட்கள் வரிசையில் நிற்கும்போது கடைக்கு வந்துவிட்டார். அக்காவிடம் சொன்னார்: “மெய்-ஷுவாங், உன் தம்பி பொண்டாட்டி வண்டிக்கு பிரேக் கட்டை மாத்திக் குடுத்தேன். அதுக்கு ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சு, புள்ளைய எங்கடா வெச்சிருக்கேன்னு கேக்கறாங்க. எனக்கே மூணு இருக்கு, ஒண்ண எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் கடைசியில் சிரித்துவிட்டு, பொரித்த கோழிக்கால் வைத்த பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். நான் அடுப்படியில் நின்று முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த நாளிலிருந்து இரண்டு பெண்கள், நான் பெட்டியை நீட்டினால் வாங்காமல் அக்கா கையால்தான் வாங்குகிறார்கள். ஆகவே தயவுசெய்து சென் என்பவரைத் தேட வேண்டாம். அவர் இந்த ஊரில் இல்லை. உயிரோடும் இல்லை.

7. அக்கா என்னை அழைத்துக்கொண்டு 12-ஆம் தேதி தங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். தாங்கள் அன்று வெளியூர் போயிருந்தீர்கள். செல்வி லாய் மேசை முன்னால் நடந்ததை எழுதுகிறேன். அறிக்கையில் அது வந்திருக்காது.

சீட்டு விஷயத்தை அன்று வழியில்தான் அக்காவிடம் முழுதாகச் சொன்னேன். அதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். கணவர் வீட்டாருக்குப் பிறந்த வீட்டுப் பூசை பிடிக்காமல் போய்விடுமோ என்ற பயம். அக்கா நடுத்தெருவில் நின்றுவிட்டார்கள். “அடிப் பைத்தியமே, இதைத்தானா வித்தேன் வித்தேன்னு சொல்லிட்டுத் திரிஞ்ச? இதுக்கு இங்க வேற பேருடி” என்றார்கள்.

அலுவலகத்தில் செல்வி லாயிடம் அக்கா கேட்டது: “ஏம்மா, என் தம்பி பொறந்தப்ப ஈரலுக்கு முடியாம கெடந்தான். எங்க அம்மா அவனைக் கடலம்மா கோயில்ல சாமிப் புள்ளையா எழுதிக் குடுத்தாங்க. பதினாறு வயசு வரைக்கும் செவப்புக் கயிறு கட்டிட்டுத் திரிஞ்சான். அதுக்கும் சீட்டு உண்டு, முத்திரை உண்டு, கெடு உண்டு. எங்க அம்மாவைப் புடிச்சு உள்ள வெச்சீங்களா?”

செல்வி லாய் ஃபைலைத் திறந்து சிவப்புச் சீட்டைப் பார்த்தார்கள். பிறகு, “அக்கா, அது தெரியும். எங்க வீட்லயும் எனக்குக் கட்டியிருந்தாங்க. ஆனா அதுல வித்தேன்னு எழுத மாட்டாங்களே. இதுல எழுதியிருக்கு. படிவத்துல நான் சீட்டுல இருக்கறதைத்தான் போட முடியும்” என்றார்கள். குரல் கடுமையாக இல்லை. போகும்போது, பிரிவுத் தலைவருக்கு எழுதுங்கள் என்று மெல்லச் சொன்னதும் அவர்கள்தான். இதனால் அவர்களுக்கு ஏதும் கெடுதல் வரக் கூடாது.

ஐயா, இதுவே என் மனுவின் சாரம். என் கணவருக்கு அவருடைய தாயார் செய்ததும், இந்தக் குழந்தைக்கு என் தகப்பனார் செய்ததும் ஒரே காரியம். உங்கள் ஊரில் அதற்கு ஒப்படைத்தல் என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறது. எங்கள் ஊரில் விற்றல் என்ற சொல் இருக்கிறது. உங்கள் முன்னோர் தெய்வத்தை உறவாக நினைத்து ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் முன்னோர் நோயை ஏமாற்ற வேண்டிய எதிரியாக நினைத்தார்கள் போலிருக்கிறது. அதற்குக் கேட்டவுடன் நம்புகிற மாதிரி ஒரு கடுமையான சொல் தேவைப்பட்டது. நோய் நம்பியதோ இல்லையோ, அரசாங்கம் நம்பிவிட்டது.

8. ஆகவே நான் வேண்டுவது:

வெள்ளிக்கிழமை (20-ஆம் தேதி) நடக்கும் ஆய்வுக் கூட்டத்துக்கு முன்பே அந்தச் சீட்டை வடக்கு வழக்கம் தெரிந்த வேறொருவரிடம் கொடுத்து மறுபடி மொழிபெயர்க்கச் செய்ய வேண்டும். பல்கலைக்கழகத்தில் எங்கள் மொழி கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரிடம் பேசினேன், ஒரே நாளில் செய்து தர ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் எண்ணைத் தனித் தாளில் இணைத்துள்ளேன். கடலம்மா கோயிலில் என் கணவர் பெயரில் இருக்கும் பழைய சீட்டின் நகலையும் அக்கா வாங்கி வந்திருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். கப்பலிலிருந்து கணவர் அனுப்பிய ஒப்புதல் கடிதமும் உண்டு; கடல் மோசமாக இருந்ததால் கையொப்பம் சாய்ந்திருக்கிறது.

கூட்டத்தில் திருப்தி ஏற்பட்டால் குழந்தையை அன்றே அனுப்பிவைக்க வேண்டும். இன்னும் நாளாகும் என்றால், நான் அவனைப் பார்க்க வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்பதையாவது தினமும் என்று மாற்றித் தர வேண்டும். போன புதன்கிழமை பார்த்தபோது அவன் என்னிடம் வரச் சற்று யோசித்தான். பராமரிக்கும் அம்மா நல்லவர். அவர் தோளிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகுதான் கையை நீட்டினான். அது எவ்வளவு நேரம் என்று நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டேன்.

9. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் என்னிடம் கேட்கப்போகும் முதல் கேள்வி எது என்று செல்வி லாய் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கேட்ட அதே கேள்விதான். குறிப்பேட்டில் பழைய பதில் இருப்பதால், நானே வாயால் சொன்னால்தான் அதை மாற்ற முடியுமாம். யாரும் எனக்காகச் சொல்ல முடியாதாம்.

இரண்டு வாரமாக நான் இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சொல்லாவிட்டால் அவன் எனக்குக் கிடைக்க மாட்டான். சொன்னால், பதினோரு வருடம் மிச்சமிருக்கும் கெடு அன்றே முறிந்துவிடும். அவன் இன்னும் சளியோடுதான் இருக்கிறான் என்று புதன்கிழமை பார்த்தேன். அக்கா, “கடலம்மா மொதல்ல கேப்பா, அப்புறம்தான் மத்ததுங்க கேக்கும், நீ சொல்லு” என்கிறார்கள். தகப்பனாரிடம் ஃபோனில் கேட்டேன். உன் இஷ்டம் என்றார்.

கூட்டத்தில் நாக்கு எழாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் தருகிறேன். இதை என் வாக்குமூலமாகப் பதிவு செய்துகொள்ளவும். சியூ யூ-ஆன் என் மகன். நான் பெற்றவன், என்னுடையவன். நான் அவனை எந்த மொழியிலும் யாருக்கும் விற்கவில்லை.

எழுதிவிட்டேன். ஆகவே ஐயா, இந்த மனுவைப் படித்து முடித்ததும், மற்ற எதற்கும் முன்பாக, அவன் இருக்கும் வீட்டுக்கு ஒரு முறை ஃபோன் செய்யச் சொல்லுங்கள். உடம்பு சுடுகிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் கரண்டி, துணி எதையும் வைக்கக் கூடாது. கையைக் காலைப் பிடித்து அழுத்தக் கூடாது. எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்க்க வேண்டும். ஐந்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். நின்ற பிறகு அவன் பயந்து போயிருப்பான். அப்போது மீத் என்று கூப்பிட்டால்தான் திரும்புவான், யூ-ஆன் என்றால் திரும்ப மாட்டான்.

அவன் நன்றாக இருக்கிறான் என்ற ஒரு வரியாவது போதும். தயவுசெய்து விரைவில் பதில் எழுதுங்கள்.

இடம்: ஹைவெய்
நாள்: குடியரசு ஆண்டு 112 (2023), அக்டோபர் 17

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மாக் தி தோவா
சியூ யூ-ஆனின் தாய்

இணைப்பு: மருந்துச் சீட்டுகளின் நகல் – 6, கடலம்மா கோயில் சீட்டின் நகல் – 1, கணவரின் ஒப்புதல் கடிதம் – 1, ஆசிரியரின் தொலைபேசி எண்.